முதுகு கேட்ட கேள்வி

கருவேலம்பாளையத்தில் காலையில் ஓடத் தொடங்கும் தறிகளின் சத்தம் மதியச் சோற்றுக்குக்கூட முழுதாக நிற்பதில்லை என்பதால், அந்த ஊர்க்காரர்கள் வாய்விட்டுப் பேசியதைவிட விழுங்கியதே அதிகம் என்றும், விழுங்கிய சொல்லெல்லாம் வயிற்றுக்குப் போகாமல் தோளிலும் கழுத்திலும் இடுப்பிலும் போய்த் தங்கிவிட்டது என்றும் பிற்பாடு பலரும் விளக்கம் சொன்னார்கள்; ஆனால் சரோஜினி டீச்சரின் தோள்பட்டைக்குக் கீழே வசந்தாமணி கட்டைவிரலை வைத்து அழுத்திய அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் யாரிடமும் எந்த விளக்கமும் இல்லை, ஒரு வலி மட்டும்தான் இருந்தது.

வசந்தாமணியின் அக்குபிரஷர் மையம் அவள் புருஷன் நாச்சிமுத்துவின் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரு கட்டில், உள்ளங்கால் உருட்டுவதற்கு ஒரு மரக்கட்டை, உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மனிதனின் படம், கீழேயிருந்து ஏறி வரும் தேங்காய் பன் வாசனை, இவ்வளவுதான் மையம். பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட வைத்தியம் அது, அவளுக்கே அதில் பாதி நம்பிக்கைதான், வருகிறவர்களுக்குப் பாதி குணமாகும், மீதிப் பாதியை அவர்களே மறந்துவிடுவார்கள்.

சரோஜினி டீச்சருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. எலும்பு டாக்டரைப் பார்த்து, மெழுகு ஒத்தடம் வைத்து, சித்த வைத்தியரின் எண்ணெயில் ஊறி, காந்தப் படுக்கையில் படுத்து, தோளுக்கு யாரோ பாட்டிலில் அடைத்துக் கொடுத்த பூ மருந்தையும் குடித்து முடித்து, கடைசியாகத்தான் இந்த மாடிப்படி ஏறினாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். துணைக்கு அண்ணி சிவகாமி வந்திருந்தாள், கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி படத்தில் பார்த்த புள்ளியைத் தேடி அழுத்தினாள். டீச்சரின் வாய் மூடியேதான் இருந்தது. தோள் பேசியது.

"அண்ணி, அந்த ஜிமிக்கி எங்கம்மாளுது."

டீச்சரின் குரல்தான், ஆனால் இப்போதைய குரல் இல்லை, ஜிமிக்கி கைமாறிய வயதின் குரல், இளசாகவும் சற்று நடுக்கமாகவும் இருந்தது. அந்தச் சொல் முடிந்ததும் டீச்சரின் கை தானாக மேலே எழுந்து, மின்விசிறியைத் தொடப்போவது போல நின்றது.

சிவகாமி காதில் ஜிமிக்கி ஆட எழுந்து நின்று, கைகளைத் தட்டி, "கை தூக்கீட்டா பாருங்க! எங்க நாத்தனா கையத் தூக்கீட்டா!" என்று படியிறங்கும்போதே சொல்லிக்கொண்டு போனாள். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கையைப் பற்றிச் சொன்னாள், தோளைப் பற்றிச் சொன்னாள், அது பேசியதையும் சொன்னாள், என்ன பேசியது என்பதை மட்டும் சொல்லவில்லை. நாச்சிமுத்து கேட்டுவிட்டு "ம்" என்று சொல்லி இன்னொரு டீயை ஆற்றினான்.

அன்று சாயங்காலமே படிக்கட்டில் வரிசை நின்றது. அழுத்திய இடமெல்லாம் பேசியது. தோள்கள் ஒரே வீட்டில் கூட வாழ்கிறவர்களைப் பற்றிப் பேசின, முழங்கால்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசின, கழுத்துகள் அப்பன்களைப் பற்றிப் பேசின, இடுப்புகள் புருஷன் பெண்டாட்டி விஷயம் தவிர வேறெதையும் பேசவில்லை, குதிகால்கள் முதலாளியைப் பற்றி மட்டுமே பேசின. ஒவ்வொரு சொல்லும் எந்த வயதில் விழுங்கப்பட்டதோ அந்த வயதின் குரலிலேயே வெளிவந்தது, வந்ததும் வலி போனது. கோயமுத்தூர் ரோட்டிலிருந்த ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் இரண்டு பேருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு இருக்கிறது, வார்த்தை எதுவும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார், அதையும் ஊர் மரியாதையாக வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டது.

முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வலி போன சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனவர்கள், துணைக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒரு மாமியார் தன் மருமகளின் தோள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்று தெரு தள்ளியிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்படியே போனால் ஊரில் வலி இல்லாமலும் குடும்பம் இல்லாமலும் ஆகிவிடும் என்று பயந்த நேரத்தில்தான் இயற்கை நலவாழ்வு மன்றத்தின் தலைவர் செங்கோடன் ஊரைக் காப்பாற்றினார். காலையில் வெள்ளைப் பூசணிச் சாறும் சாயங்காலம் நாச்சிமுத்து பேக்கரியில் முட்டை பப்ஸும் சாப்பிடுகிறவர் அவர். ஒரு நாள் பப்ஸை முடித்துவிட்டு, வெள்ளை வேட்டியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இதுல பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. உடம்பு கழிவ வெளியேத்துது. வேர்வை மாதிரி, சளி மாதிரி, இது வார்த்தைக் கழிவு. சளியப் பாத்து யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா?"

ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. அன்றிலிருந்து தோள் சொன்னதும் இடுப்பு சொன்னதும் கழிவு என்று ஆயிற்று, கழிவைக் காதில் வாங்குவது அநாகரிகம் என்று ஆயிற்று. துணைக்கு வருகிறவர்கள் கேட்டு முடித்ததும் "கழிவு போயிருச்சுங்க" என்று சொல்லி எழுந்துகொள்ளப் பழகினார்கள். மகள் வீட்டுக்குப் போன மாமியார் திரும்பி வந்து, மருமகளின் தோளைத் தானே அழைத்துவந்து காட்டினாள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள், பையன் இடுப்பைச் சுத்தம் பண்ணியாயிற்றா என்று விசாரித்தார்கள். ஒரு தறிக் கொட்டகையில் வேலை செய்கிற அத்தனை பேரின் குதிகால்களும் ஒரே விஷயத்தைச் சொன்னதால், முதலாளி பெரிய மனது பண்ணி, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குள் வைத்தியம் செய்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, குதிகால்கள் எல்லாம் சொஸ்தமாயின. ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று, எதுவும் மாறவில்லை, எல்லோர் கையும் தலைக்கு மேல் எழும்பியது.

ஆனால் வலி திரும்பி வந்தது. கொஞ்ச நாள் இருந்து, போன இடத்துக்கே வந்தது. வசந்தாமணி மறுபடி அழுத்த, அதே தோள் அதே குரலில் அதே சொல்லைச் சொன்னது, அதே ஜிமிக்கியோடு சிவகாமி அதே ஸ்டூலில் உட்கார்ந்து "கழிவு போயிருச்சு" என்றாள். செங்கோடன் இதற்கும் பதில் வைத்திருந்தார். "தினமும் குளிக்கறமல்லோ? அது மாதிரிதான்."

வசந்தாமணிக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, டெம்போ ஓட்டுகிற குப்பண்ணன் வருகிற வரைக்கும். குப்பண்ணனுக்குக் கழுத்து திரும்பாது. துணைக்கு வந்த அவன் அப்பாவுக்குப் பாதிக் காது கேட்காது, ஊர் வழக்கமும் தெரியாது. கழுத்தை அழுத்தியதும் அது ஒரு பையனின் குரலில், "அப்பா, ஒருவாட்டியாச்சும் நான் நல்லா ஓட்டறேன்னு சொல்லப்பா" என்றது. மகன்தான் வாய்திறந்து கேட்கிறான் என்று நினைத்துக்கொண்ட அப்பா, "நல்லாத்தான்டா ஓட்டற. உன்ற வண்டீல உக்காந்தா எனக்குத் தூக்கமே வந்துருது. அத வேற சொல்லோணுமாக்கும்?" என்றார்.

குப்பண்ணன் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தபடி போனான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. பேக்கரி வாசலில் டெம்போவைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஆந்தை போலக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை வசந்தாமணி மாடியிலிருந்து பார்த்தாள். பதில் கிடைத்த சொல் திரும்பி வருவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கோடனிடம் சொன்னாள்.

"அது தற்செயலுங்க" என்றார் அவர். "பதில் சொல்றதெல்லாம் வைத்தியத்துல சேராதுங்க அம்மிணி. அதெல்லாம் குடும்ப விசயம்."

அன்றிலிருந்து வசந்தாமணிக்குக் கீழே கடையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு முதுகைப் பற்றிய நினைப்பு விடாமல் வந்தது.

நாச்சிமுத்துவுக்கு இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இடப்பக்கமாக ஒரு பிடிப்பு. ரொட்டித் தட்டைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வான், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி டீயோடு விழுங்குவான், ஊரே மாடிக்கு ஏறி இறங்கியபோதும் அவன் மட்டும் ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை. எப்போதிலிருந்து அந்தப் பிடிப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், எது சொன்னாலும் "ம்" என்றே சொல்கிற அந்த வீட்டில் தன் குரலைத் தானே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வசந்தாமணி ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டும் போகவில்லை. அங்கேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அங்கேதான் அந்தப் புள்ளி வைத்த மனிதன். பங்குனி வெயில் தொடங்கியபோது அதே பையோடு திரும்பி வந்தாள். நாச்சிமுத்து கதவைத் திறந்து, பையை வாங்கி உள்ளே வைத்து, "சாப்டியா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அந்த மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊர் அவனைத் தங்கமான மனுஷன் என்றது. வசந்தாமணி அந்தக் கேள்விக்காக ஒவ்வொரு நாளும் காத்திருந்து, காத்திருப்பதையே மறந்தும் போயிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் மன்றம் நலவாழ்வுத் திருவிழா நடத்துவது என்று முடிவு செய்தது. வசந்தாமணிக்குப் பொன்னாடை போர்த்தி, மேடையிலேயே எல்லோரும் பார்க்க ஒருவருக்கு வைத்தியம் செய்து காட்ட வேண்டும் என்று திட்டம். யாருக்கு என்ற பேச்சு வந்தபோது செங்கோடன் பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கல்லாவில் நின்றவனைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வலி போயிருச்சு, வைத்தியக்காரி வூட்டுக்காரர் மட்டும் முதுகப் புடிச்சுட்டு நிக்கறீங்க. வெளியூர்க்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் நாச்சிமுத்துவின் முதுகைப் பார்த்தார்கள். அன்று காலையில்தான் ஒரு தட்டு பன்னைத் தூக்க முடியாமல் தரையில் போட்டிருந்தான்.

"ம்" என்றான் நாச்சிமுத்து.

மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் வசந்தாமணி கீழே வந்தாள். "முடியாதுன்னு சொல்லீருங்க மாமா. எதுக்கு ஊர் முன்னாடி? வேணும்னா மேல வாங்க, நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரா இருந்தா நான் ஏறமாட்டேன்" என்றான். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் திருவிழா. வாசலில் அருகம்புல் சாறு, உள்ளே செம்புக் குடங்கள், காந்த பெல்ட்டுகள், மண் குளியலுக்குத் தனி மறைப்பு, ஒரு மூலையில் கிண்ணத்தைத் தட்டி அதன் ஓசையில் ரத்த அழுத்தம் குறைக்கிறவர், இன்னொரு மூலையில் கூட்டமாகச் சிரித்து ஆயுளைக் கூட்டுகிறவர்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து சட்டையைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான். மைக் செட்டுக்காரர் ஒரு மைக்கைக் கொண்டுவந்து, கச்சேரிக்கு வைப்பதுபோல உயரம் பார்த்து, அவன் முதுகுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப கழிவு வெளியேறப் போகுதுங்க" என்று இன்னொரு மைக்கில் செங்கோடன் அறிவித்தார்.

வசந்தாமணி அழுத்தினாள். அவளுக்கு இடம் தெரியும், தெரிந்ததால்தான் ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினாள். முதுகு பேசவில்லை. மறுபடி தள்ளி அழுத்தினாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள், யாரோ பாயசம் எப்போது என்று கேட்டார்கள். கட்டிலில் முகம் புதைத்திருந்த நாச்சிமுத்து, மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"அங்க இல்லை மணி. உனக்குத் தெரியும். நல்லா அழுத்து."

அவள் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். விரலுக்குக் கீழே ஒரு முடிச்சு சற்று நேரம் அடம் பிடித்து, பிறகு அவிழ்ந்தது. முதுகு, மீசை கறுப்பாக இருந்த காலத்து நாச்சிமுத்துவின் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டது:

"ஏன் திரும்பி வந்தே?"

கைதட்டல் எழுந்தது. "கழிவு போயிருச்சு! போயிருச்சு!" என்று செங்கோடன் கூவினார், பொன்னாடையைப் பிரித்தார், சிரிப்பு வைத்தியக் கூட்டம் பயிற்சிக் குறையில்லாமல் சிரித்தது. நாச்சிமுத்து மெல்ல எழுந்து முதுகை நிமிர்த்திக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான், நிமிர்ந்த முதுகோடு பார்க்கும்போது அவன் அவளைவிட உயரம் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஏன் போனாய் என்ற கேள்விக்கு அவள் இத்தனை காலமும் பதில் தயாராக வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு வைத்திருக்கவில்லை. கழிவு என்று சொல்லி ஒதுக்கிவிட்டு ஆடையைப் போர்த்திக்கொண்டு போய்விடலாம், ஊர் அதைத்தான் எதிர்பார்த்தது, இன்னும் கொஞ்ச நாளில் வலி திரும்பும், மறுபடி ரொட்டித் தட்டு கீழே விழும்.

"யாரும் என்னத் தேடி வரல" என்றாள் வசந்தாமணி. அதை மைக் வாங்கி மண்டபத்துக்குக் கொடுத்தது. "ஒவ்வொரு பஸ்ஸா பாத்துட்டு இருந்தேன். நீங்களும் வரல. நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுது, அதனால நானே வந்தேன். போதுமா?"

கைதட்டல் பாதியில் நின்றது. பொன்னாடையோடு வந்த செங்கோடன் அதை யார்மேல் போடுவது என்று தெரியாமல் நின்றார். நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி, இந்த முறை தன் வாயாலேயே சொன்னான்:

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன்."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"நம்மூர் பஸ் ஸ்டாண்டு. தினமும் வருவேன். பொள்ளாச்சி பஸ் வரும். வந்து உன்கிட்ட என்ன பேசறதுன்னு யோசிப்பேன். யோசிக்கறதுக்குள்ள பஸ் கெளம்பீரும். அப்பறம் கடை தெறக்கற நேரமாயிரும்."

"கடை தெறக்கற நேரமா?" வசந்தாமணியின் குரல் ஏறியது. "பன்னுக்கு மாவு பெசையற நேரமாச்சுன்னு திரும்பிப் போனீங்களா? ஒரு வார்த்தை பேசத் தெரியாதா ஒரு மனுசனுக்கு? வா போலாம்னு சொல்றதுக்கு யோசிக்கோணுமா?"

"நீ மட்டும் சொல்லீட்டா போனே? குழம்ப அடுப்புல வெச்சுட்டுப் போனே. நான் வந்து பாத்தா சட்டி கருகிக் கெடக்குது. சட்டி கருகுன வாசத்தோட எத்தன நாள் படுத்திருந்தேன் தெரியுமா?"

"சட்டியப் பத்தித்தான் கவலை!"

"சட்டியத்தான் சொல்ல முடியும். வேற எதச் சொல்றது?"

அதற்குமேல் அவர்கள் நிறுத்தவில்லை. செங்கோடன் மைக்கை அணைக்கும்படி சைகை காட்டினார், மைக் செட்டுக்காரர் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துவிட்டார், அவருக்கு மறுபக்கக் கதையும் கேட்க வேண்டியிருந்தது. சண்டை மழைக்காலத்தைத் தாண்டிக் கல்யாண நாளுக்குப் போய், அங்கிருந்து குழந்தையில்லாத வருஷங்களுக்கு வந்து, அங்கே அவள் மூக்கைச் சிந்தி, அவன் தலைமாட்டிலிருந்த சட்டையை எடுத்து நீட்ட, அவள் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள். தோள்கள் பேசியதை ஊர் தாங்கிக்கொண்டது. ஒரு முதுகுக்கு ஒரு பெண் பதில் சொன்னது தாங்க முடியாததாக இருந்தது. பார்வையாளர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்க்காமல் எழுந்து, ஒருவர் பின் ஒருவராகச் சாமைச் சோறு போடுகிற கூடத்துக்குப் போனார்கள். சிவகாமி காதைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள். சிலர் வரிசையில் நிற்கும்போதே தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள்.

மன்றம் கூடிப் பேசியது. பதில் சொல்வது வைத்தியம் அல்ல, அது வைத்தியத்தின் பக்கவிளைவு, பக்கவிளைவு உள்ள வைத்தியம் இயற்கை வைத்தியம் ஆகாது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குள் வசந்தாமணி மையத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தாள்: துணைக்கு வருகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்தால், உடம்பு சொல்வதற்கு வாயால் ஏதாவது பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்துகொள்ள வேண்டும், அது திட்டாக இருந்தாலும் சரி. படிக்கட்டு வரிசை ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. அடுத்த தெருவில் ஒருவர் புது மையம் திறந்தார். அங்கே நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் காதில் மாட்டிக்கொள்ளப் பாட்டுக் கருவி கொடுத்தார்கள், அருவிச் சத்தமும் புல்லாங்குழலும் கேட்டன, விரலுக்குப் பதிலாக ஒரு மெஷின் அதிர்ந்தது, உடம்பு என்ன சொல்லியதோ யாருக்கும் கேட்கவில்லை, மாதாமாதம் வலி ஒழுங்காகத் திரும்பி வந்தது, ஊர் ஒழுங்காகப் போய்வந்தது.

வசந்தாமணியிடம் எப்போதாவது இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். பெரும்பாலும் மதிய நேரத்தில், யாரும் பார்க்காதபோது ஏறுவார்கள். இறங்கும்போது சிலர் அழுத முகத்தோடும் சிலர் சிவந்த முகத்தோடும் இறங்குவார்கள், இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள். வருமானம் தேய்ந்தது. அதற்காக அவள் நாச்சிமுத்துவைக் குறை சொன்னாள், அவன் அவளைச் சொன்னான். இப்போதெல்லாம் பேக்கரியில் டீ கேட்டால் உடனே வருவதில்லை. அவன் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்து ஏதோ ஒரு பழைய தீபாவளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பான், அவள் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு அது அப்படி நடக்கவேயில்லை என்று திருத்திக்கொண்டிருப்பாள், பாயிலரில் பால் பொங்கும். சத்தம் தாங்காமல் சில பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் டீயை எடுத்துக்கொண்டு பெஞ்சைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் செங்கோடன் பப்ஸுக்கு வந்தார். வேறெங்கும் அந்த ருசி கிடைக்கவில்லை. ஒரு கையால் பப்ஸைப் பிடித்து இன்னொரு கையால் தன் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி, கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் ஆசையாகவும் கேட்டார்:

"ஏனுங்க நாச்சிமுத்து, அன்னிக்கு அப்பறம் அந்த முதுகு எப்படியிருக்குது?"

நாச்சிமுத்து ரொட்டித் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடுக்கிவிட்டுத் திரும்பினான். பேச வாயெடுத்தான், வெறும் காற்றுதான் வந்தது. இருமி, எச்சில் விழுங்கி, மறுபடி முயன்றான்.

"முதுகு பரவால்லீங்க" என்றான் கரகரத்த குரலில். "தொண்டைதான் கட்டிக்கிச்சு."